உள்ளூர்ச் சோறு: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் முப்பதுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் சேர்ந்து அரிசி, பயறு, கருப்பட்டி, கிழங்கு, எண்ணெய் என்று வீட்டுக்கு வேண்டியதில் பாதியையாவது விளைவிக்கிறவர்களிடமே நேராக வாங்கி வருகிறோம். ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் பங்கு பிரிப்பது. வாங்க வருகிறவர்கள், தெருவில் போகிறவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, எங்களுக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

உள்ளூருன்னு சொல்லுதீங்களே, எத்தன கிலோமீட்டருக்குள்ள வெளஞ்சா அது உள்ளூரு?

நாங்கள் கிலோமீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் பஸ் ஏறிப் போய், வயலைப் பார்த்து, விளைவிக்கிறவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் பொழுது சாயுமுன் வீடு திரும்ப முடிகிற தூரம், அதுதான் எங்கள் அளவு. நம் சீமைக்கு அது தாராளமாகப் போதும். பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேருகிறவரை 130 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. அதற்குள்ளும் அதை ஒட்டியும் மலை, ஆற்றுப் பாசன நஞ்சை, குளத்துப் பாசனம், கரிசல் மானாவாரி, தேரி என்கிற செம்மணல் காடு, கடற்கரை எல்லாம் இருக்கின்றன.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் நெல்லும் வாழையும். களக்காட்டில் வாழை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் காய்கறி, சிறுகிழங்கு. புளியங்குடியில் எலுமிச்சை. சங்கரன்கோவில், குருவிகுளம் கரிசலில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையும் முருங்கையும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரையில் மீன். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாகிவிட்டன. எங்கள் சமையலறைக் கணக்கில் மூன்றும் இன்னும் ஒன்றுதான்.

சரிக்கா, ஆசதான். ஆனா எதுல இருந்து ஆரம்பிக்க?

உளுந்திலிருந்து. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் போனவர்கள் இரண்டாவது மாதமே களைத்துப்போய் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறோம். ஒரு பொருளை எடுத்து, ஒரு வருஷம் அதை விடாமல் பிடியுங்கள். உளுந்து நம் வீடுகளில் இட்லிக்கு மட்டும் இல்லையே. உளுந்தஞ்சோறு, உளுந்தங்களி என்று வாரம் இரண்டு தடவையாவது அடுப்பேறுகிறது. கரிசலிலும் விளைகிறது, நெல் அறுத்த வயலிலும் விளைகிறது. தொலியோடு வாங்கி நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு குடும்பம் வருஷத்துக்குப் பன்னிரண்டு கிலோ வாங்குகிறது என்றால், பத்துக் குடும்பம் சேர்ந்தால் 120 கிலோ ஆயிற்று. ஒரு விவசாயி ஆள் வைத்து அனுப்பக் கட்டுபடியாகிற அளவு அது.

மகாராஜநகர் உழவர் சந்தைல வாங்குதோம். அது போதாதா?

நல்ல விஷயம், விடாதீர்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்றுவரை நிலைத்து நிற்பது சாதாரணம் இல்லை. அடையாள அட்டை வாங்கிய விவசாயி இடைத்தரகர் இல்லாமல் விற்கிறார், விலைப் பலகை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. காய்கறிக்கு எங்கள் குழுவிலும் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போகிறோம்.

ஆனால் உழவர் சந்தையில் இருப்பதாலேயே அது மருந்தடிக்காத காய் ஆகிவிடாது. அங்கே வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: எந்த ஊர், என்ன மருந்து அடித்தீர்கள்? ஒரே கடையில் ஆறு வாரம் தொடர்ந்து வாங்கினால் பதில் தானாக நேராகும். வாராவாரம் முகம் மாறிக்கொண்டே இருந்தால் அவருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வராது.

எந்த மாசம் எது கெடைக்கும்னு தெரியலயே. கடைல எல்லாமே எப்பவும் இருக்கு.

நெல்லுக்கு நம் பக்கம் இரண்டு பட்டம், அதாவது விதைக்கிற பருவம். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, பாபநாசம் அணையில் தண்ணீர் சேர்ந்து, ஆனியில் திறந்துவிட்டால் கார். புரட்டாசி வாக்கில் அறுப்பு. வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசியில் தொடங்குவது பிசானம். மாசி, பங்குனியில் அறுப்பு. வருஷத்துக்கு வைத்துக்கொள்ளப் பிசான நெல்தான் தோது. வெயில் காலத்தில் அறுப்பதால் நன்றாகக் காய்ந்திருக்கும். கார் நெல் அறுக்கும் சமயம் மழை குறுக்கிட்டால் ஈரம் தங்கிவிடும், அதை முதலில் தின்று தீர்த்துவிட வேண்டும்.

மார்கழி, தையில் சிறுகிழங்கு. வெளியூர்க்காரர்களுக்கு அதன் பெயரே தெரியாது. நமக்கோ அது இல்லாமல் பொங்கல் இல்லை. சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்துத் தோல் எடுப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், கத்தியால் சீவ ஆரம்பித்தால் கிழங்கில் பாதி போய்விடும். அதே சமயத்தில்தான் பனங்கிழங்கு. மாசி பிறந்தால் பதநீர். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆவணி தொட்டுப் பனம்பழம். தின்ற கொட்டையை மண்ணில் புதைத்து வைத்தால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி கிழங்கு. ஒரு மரம் இத்தனை மாதத்துக்குச் சோறு போடுகிறது! தமிழ்நாட்டின் மாநில மரம் அது. 2021இல் வந்த அறிவிப்புக்குப் பிறகு, வெட்ட வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பக்கத்துக் காட்டில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்த்தால் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேரட், பீன்ஸ் நம் வெயிலுக்குச் சரிப்படாது. அவற்றை வாங்கக் கூடாது என்று நாங்கள் யாரையும் சொல்வதில்லை. அவியலுக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் அவை தேவைப்படவும் இல்லை. கத்திரி, வாழைக்காய், முருங்கை, சீனிஅவரை, பூசணி, மாங்காய் என்று அந்தந்தக் காலத்தில் காய்த்ததைச் சேர்க்கத்தானே அந்தச் சமையல் உருவானது?

இயற்கை வெவசாயம்னு வாயால சொல்லுதாங்க. எப்படி நம்ப?

சான்று வாங்க வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதியலாம். அதற்குச் செலவும் எழுத்து வேலையும் உண்டு. சிறு விவசாயிகளுக்கு நடுவண் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பங்கேற்பு உத்தரவாத முறை கொஞ்சம் எளிது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி, உறுதிமொழி எழுதி, ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருஷத்துக்கு ஒரு நாள் வந்து பார்ப்பதைவிட, பக்கத்து வரப்புக்காரர் கண்ணுக்குத் தப்புவது கடினம் என்பதுதான் அதன் அடிப்படை. விவசாயி சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் சான்று கட்டாயம் இல்லை, அரசின் இயற்கை உணவு முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ள முடியாது.

எங்களிடம் தருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சான்று கிடையாது. நாங்கள் போகிறோம், அவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை, நடவுக்குப் பிறகு ஒன்று, கதிர் வாங்கும்போது ஒன்று. தொழுவத்தில் மாடு இருக்கிறதா, உரச்சாக்கு எங்காவது கிடக்கிறதா, வயலில் நண்டும் தவளையும் இருக்கின்றனவா, பக்கத்து வயல் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். பெரியவர்கள் கேட்கத் தயங்குவதை அவர்கள் பட்டென்று கேட்டுவிடுவார்கள்.

வெல கூடுதலா இருக்கே. சம்பளக்காரங்களுக்குத்தானே இதெல்லாம்?

அரிசியில் கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மாதம் 20 கிலோ அரிசி. கிலோவுக்கு 15 ரூபாய் கூட என்றால் மாதம் 300 ரூபாய். அதில் ஒரு பகுதியை உளுந்திலும் மிளகாயிலும் எண்ணெயிலும் மீட்டுவிடுகிறோம், அறுப்பு சமயத்தில் மொத்தமாக வாங்குவதால். எல்லா வீட்டிலும் அப்படி மீட்க முடியாது. மொத்தமாக வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டுமே.

எங்கள் குழுவில் நாலு குடும்பங்கள் ரேஷன் அரிசிதான் பொங்குகின்றன. அவர்கள் உளுந்தும் கருப்பட்டியும் மட்டும் எங்களோடு வாங்குகிறார்கள், தவணையில். யாரும் யாரையும் குறைத்துப் பார்க்கக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். அப்புறம், உள்ளூர் உணவு எல்லாமே விலை கூடியது என்பதும் சரியில்லை. முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், சாளை மீன், பனங்கிழங்கு, அந்தந்தக் காலத்துக் காய் எல்லாம் சீமையிலேயே மலிவானவை. அவற்றை மதிப்பாக நினைத்து இலையில் வைக்கப் பழக வேண்டியிருக்கிறது.

முன்பணம் குடுக்கச் சொல்லுதீங்களே, வெள்ளாம போச்சுன்னா எங்க ரூவா என்ன ஆகும்?

போகும். முழுசாக இல்லை, ஒரு பகுதி போகும். அதைத் தெரிந்துகொண்டே தருகிறோம். விதைப்பதற்கு முன்னால் விவசாயியும் நாங்களும் உட்கார்ந்து உழவு, விதை, எரு, நடவு, களை, அறுப்பு, வண்டிக்கூலி என்று கணக்கு எழுதி, அவர் குடும்பத்துக்கு மிச்சமாக வேண்டியதையும் சேர்த்து ஒரு விலை முடிவு செய்வோம். அதில் பாதியை நடவுக்கு முன்பே கொடுப்போம். அறுப்பின்போது சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசியதுதான். விளைச்சல் இல்லையென்றால் நட்டத்தை இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு.

2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை மீறிப் பாய்ந்தது. எங்களுக்கு நெல் தருகிறவர்களில் இருவர் சீவலப்பேரிக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். நட்ட பயிர் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல். ஜனவரியில் போய்ப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் பணத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்தோம். மீதிப் பாதிக்கு மணல் அள்ளிய வயலில் உளுந்து விதைத்துக் கோடையில் கொண்டுவந்து தந்தார்கள். அந்த வருஷம் இரண்டு குடும்பங்கள் எங்கள் குழுவை விட்டு விலகின. அவர்கள் மேல் வருத்தம் இல்லை, இது எல்லோருக்கும் ஒத்துவராது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் சாலைகள் துண்டிக்கப்பட்டு லாரி வராமல் பால், காய்க்கு அலைந்தபோது, எங்கள் வீடுகளில் அரிசியும் உளுந்தும் கருப்பட்டியும் இருந்தன. தெருவில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து மூன்று நாள் கஞ்சி காய்ச்சினோம்.

வெத கேட்டா சும்மா தருவாங்களா?

சும்மா இல்லை, திருப்பித் தர வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் மறுவருஷம் நாலு கிலோவாகத் திருப்ப வேண்டும் என்பது பேச்சு. அப்படித்தான் 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகள் கை மாறிக் கை மாறிப் பெருகின. நாங்களும் அதே வழியில், ஒரு படி வாங்கியவர் இரண்டு படி தருகிறார். நெல்லுக்கு மட்டும் இல்லை, கத்திரி, பீர்க்கு, மிதிபாகல், சீனிஅவரை எல்லாவற்றுக்கும்.

விதைப் பழக்கம் ஊரில் முழுசாகச் செத்துப்போய்விடவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறார்களே, யார் வீட்டுத் தானியம் நன்றாக முளைத்தது என்று ஊரே பார்க்கிறதே, அதை நான் விதைச் சோதனை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு ஆச்சி கொடை முடிந்ததும் நல்ல முளைப்பாரி வீட்டுக்குப் போய் அந்தப் பயறில் ஒரு உழக்கு கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள்.

பாரம்பரிய நெல்லுதான் சாப்பிடணுமா? அம்பை 16 தின்னா தப்பா?

ஒரு தப்பும் இல்லை. அது நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். நம் தண்ணீருக்கும் பட்டத்துக்கும் பழகியது, விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். வீரிய ஒட்டு விதையில்தான் அது முடியாது, ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே எங்கள் கேள்வி பழையதா புதியதா என்பது கிடையாது. விதை விவசாயி கையில் நிற்குமா, எரு குறைவாக இருந்தாலும் தாங்குமா என்று பார்க்கிறோம். ஆனைக்கொம்பன், சித்திரைக்கார் என்ற பழைய நெல் வகைகளைப் போடுகிறவர்களிடம் வாங்குகிறோம், அம்பை 16ஐ ரசாயனம் இல்லாமல் விளைவிக்கிறவரிடமும் வாங்குகிறோம்.

மாடே இல்ல, எருவுக்கு எங்க போவாங்க?

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த, பின்னாளில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார், மானாவாரி விவசாயி உரமும் மருந்தும் விலைக்கு வாங்கிப் போட்டால் கட்டுபடியாகாது என்று கண்டு 1969இல் அந்த வேலையை விட்டார். அப்புறம் பல வருஷம் நம் களக்காட்டில்தான், அமைதித் தீவு என்ற தொண்டு அமைப்பில் இருந்தார். எரு வெளியிலிருந்து விலைக்கு வந்தால் விவசாயம் கடனில்தான் முடியும் என்பதை இந்த மண்ணில்தான் அவர் படித்தார்.

பழைய வழிகள் இன்னும் இருக்கின்றன. பிசானம் அறுத்ததும் இராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரி வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே மண்ணில் சேரும். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார்கள். மேய்ச்சல் நிலமும் தண்ணீர்த் துறையும் சுருங்கிப்போனதால் மந்தைகள் குறைந்துவிட்டன. எங்கள் குழு போன வருஷம் ஒரு விவசாயிக்கு இரண்டு ராத்திரிக் கிடைக்கூலியைக் கொடுத்தது. டவுனில் இருக்கிறவர்கள் எருவுக்கு இப்படியும் உதவலாம். விதைப்புக்கு முன் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவது உண்டு. கோடையில் குளத்து வண்டல் அடிப்பதும் உண்டு, அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? அங்கே வீட்டு மரங்களில்கூடப் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை, பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் அவர்கள் வயலுக்கு எரு. 1994இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர் காத்து வந்திருக்கிறது.

நான் டவுன்ல இருக்கேன். ஆத்துக்கும் கொளத்துக்கும் நான் என்ன செய்யணும்?

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பழவூரிலிருந்து பிரிகிற பாளையங்கால்வாய் நம் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. சுத்தமல்லியிலிருந்து வருகிற நெல்லைக் கால்வாய் டவுன் வழியாகப் போகிறது. நம் சாக்கடையும் கோழிக்கழிவும் பிளாஸ்டிக்கும் அதில் விழுந்து, கீழே இருக்கிற வயலுக்குப் பாய்கின்றன. அங்கே விளைந்த நெல்லை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். மருந்தடிக்காத அரிசி வேண்டும் என்று விவசாயியிடம் கேட்பதற்கு முன், நம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிடுவது நியாயம். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் கழிவுநீர் நேராகக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று என் வீடு. உறைகிணறு தோண்டி மாற்ற ஒரு வருஷம் ஆயிற்று.

அப்போ அல்வா? கோதும இங்க எங்க வெளையுது?

விளையவில்லை. கோதுமை வெளியிலிருந்துதான் வருகிறது, நம் தண்ணீரும் கைப்பக்குவமும் சேர்ந்து அது நெல்லை அல்வா ஆகிறது. தின்னுங்கள். வெளியூர்ப் பொருள் வருவதில் எங்களுக்குச் சண்டை இல்லை. நம் ஊரில் விளைகிற உளுந்து விலை போகாமல் கிடக்கும்போது, எங்கிருந்தோ வந்ததைப் பாக்கெட்டில் வாங்குகிறோமே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மீனுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் பிடிக்கிற சாளை, நெத்திலி, சூடை கிடைக்கும். அதை வாங்குங்கள், வஞ்சிரத்துக்கு அடம்பிடிக்க வேண்டாம். கூடையில் கொண்டு வரும் அக்காவிடம் எந்த ஊர்க் கரை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சிறுதானியம் வாங்குனேன். பொடைக்க, கல்லு பொறுக்கன்னு எல்லாம் என் தலையிலதான் விழுது. இதுக்கு பாக்கெட்டே மேலுல்ல?

இந்தக் கேள்வி எங்களைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. முதல் வருஷம் குழுவில் முடிவெடுத்தவர்களில் ஆண்கள் பாதி. சுத்தம் செய்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். குதிரைவாலியின் உமியை நீக்குவது லேசான வேலை கிடையாது. முன்பு உரலில் குத்தியவர்களும் பெண்கள்தான், அந்தப் பாட்டை மறந்துவிட்டுச் சிறுதானியத்தின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. சிறுதானியம் ஊரில் அழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது உமி நீக்கிக் கல் எடுத்த தானியத்தைத்தான் வாங்குகிறோம். கரிசல் பக்கம் ஒரு மகளிர் குழு சின்ன மிஷின் போட்டிருக்கிறது, அவர்களுக்குக் கிலோவுக்கு அரவைக்கூலி தனியாகத் தருகிறோம். நெல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு மூடை நெல்லைத் தனியாக, தீட்டாமல் அரைத்துத் தருகிற சின்ன மில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அங்கே அரையுங்கள். அது மூடிவிட்டால் விவசாயி நேராக விற்பது என்ற பேச்சே நின்றுவிடும். திண்ணையில் பங்கு பிரிப்பதும் எடை போடுவதும் இப்போது ஆண்கள் முறை.

பழைய மொற, பழைய மொறன்னு சொல்லுதீங்க. பழைய மொறல எங்க தாத்தா களத்துல கடைசில நின்னுதான் நெல்லு வாங்குனாரு. அதையாக்கா திருப்பிக் கொண்டு வரணும்?

கூடாது. இதைக் கேட்ட தங்கச்சி எங்கள் குழுவில்தான் இருக்கிறாள், கேட்ட அன்று திண்ணையில் யாரும் பேசவில்லை. களத்தில் நெல்லாக அளந்த கொத்தும் (கூலி) சுதந்திரமும் (ஊர் வேலை செய்தவர்களுக்கான பங்கு) அழகான பகிர்வு என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு கோட்டை நெல்லுக்கு 21 மரக்கால் என்று அளந்த அந்தக் களத்தில் யாருக்கு எத்தனை, யார் எங்கே நிற்பது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. மடை திறந்து ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவருக்குத் தனக்கென்று ஒரு வயல் இல்லை. ஆகவே பழையதிலிருந்து எருவையும் விதையையும் பட்டத்தையும் எடுத்துக்கொள்கிறோம். அந்த வரிசையை எடுத்துக்கொள்ள மாட்டோம்.

சொன்னால் மட்டும் போதாது என்று அவளே சொன்னாள். நாங்கள் வயலுக்குப் போய் எருவைப் பற்றி நூறு கேள்வி கேட்டிருக்கிறோம், களை எடுத்த பெண்ணுக்கு எவ்வளவு கூலி என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. முன்பணத்துக்கு எழுதுகிற கணக்கில் இப்போது கூலி தனி வரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் தெரியும். ஒருவரிடம் இதனாலேயே வாங்குவதை நிறுத்தினோம், அவர் நெல் நல்ல நெல். சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்களைத் தேடிப் போய்ச் சேர்த்திருக்கிறோம். அவர்களுக்கு வங்கிக் கடன் சுலபத்தில் கிடைக்காது, முன்பணம் அவர்களுக்குத்தான் அதிகம் உதவுகிறது. வயலுக்குப் போகிற நாளில் வேலை செய்கிறவர்கள், நிலத்துக்காரர், நாங்கள் எல்லோரும் ஒரே பந்தி, ஒரே சட்டிக் கூட்டாஞ்சோறு. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

நீங்க முப்பது குடும்பம் வாங்குனா ஊரே மாறிடுமா?

மாறாது. ஊருக்குச் சோறு போடுவது ரேஷன் கடையும் மார்க்கெட்டும்தான். எங்களால் ஆறேழு விவசாயக் குடும்பங்களுக்குப் பாதி வருமானம் நிச்சயமாகிறது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த ஆறேழு பேரிடம் பக்கத்து வயல்காரர்கள் விதை கேட்கிறார்கள். பள்ளிச் சத்துணவுக்கும் விடுதிகளுக்கும் உள்ளூர் உளுந்தும் சிறுதானியமும் வாங்கச் சொல்லிக் கிராம சபையில் நாங்கள் இரண்டு ஊர்களில் மனுக் கொடுத்திருக்கிறோம். பெரிய மாற்றம் அந்த வழியில் வந்தால்தான் உண்டு.

கருப்பட்டில சீனி கலக்காங்களாமே. ஒங்கள யாரும் ஏமாத்துனதில்லயா?

ஏமாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் வருஷம் தேரிப் பக்கம் ஒரு பனையேறி அண்ணாச்சியிடமிருந்து வந்த கருப்பட்டியில் வழக்கமான கரிப்பு இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சியதில் இனிப்போடு லேசாக ஒரு கரிப்பும் புகை வாசமும் நிற்கும். மழைக்காலத்தில் கசியவும் செய்யும். இது கல் மாதிரி இருந்தது, வெறும் இனிப்பு. வயல்களுக்குப் போவது பற்றி மேலே சொன்ன பழக்கத்தைப் பனங்காட்டுக்கு மட்டும் நாங்கள் விட்டுவிட்டிருந்தோம்.

போய்ப் பார்த்தபோது அவர் மறைக்கவில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அந்த வருஷம் பாளை சரியாக வரவில்லை. வியாபாரியிடம் ஆடியிலேயே வாங்கித் தின்ற முன்பணக் கடன் கழுத்தில் நின்றது. இத்தனை கிலோ கொடுத்தே ஆக வேண்டும், அதனால் எல்லாருக்கும் சேர்த்துக் கலந்தேன் என்றார். விட்டுவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னார்கள். கடைசியில், அவருடைய கடனை நாங்கள் அடைத்து, மறுவருஷம் மூன்று தவணையில் கருப்பட்டியாக வாங்கிக்கொண்டோம். எத்தனை கிலோ என்று பேசுவதில்லை, காய்ச்சினது எவ்வளவோ அவ்வளவு.

இப்போது வருஷா வருஷம் வைகாசியில் ஓலைப்பெட்டியோடு அவரே வருகிறார். வந்ததும் மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்துத் திண்ணை விளிம்பில் தட்டி உடைத்து, எல்லோருக்கும் ஒரு சில்லு கொடுத்துவிட்டு, நாங்கள் வாயில் போட்டு முடிக்கிறவரை நின்றுகொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்பார்.